ரசத்துக்கு முந்தி எழுந்தவர்

உட்கார்ந்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த நாற்காலி அவரை எழுந்திருக்க விடாது என்று தெரிய வந்தபோது தென்றல் காலனியில் யாரும் பயப்படவில்லை. சோறு வடித்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்டார்கள்.

அந்த நாற்காலியைச் சீராக்கியவர் ஆவுடையப்பன். திருநெல்வேலி பேட்டையிலிருந்து முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டி, கண்ணில் புரை விழுந்த பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவருக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் தன்னை யார் எப்போது எந்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் கோயில் கொடை விழா நோட்டீஸில் தன் பேரை விட்டுவிட்ட கமிட்டிக்காரர்களோடு பேச மாட்டார். தலை வழுக்கையாகிவிட்டது என்று சிரித்த சலூன்காரனிடம் போகாமல் இரண்டு மைல் நடந்து போய் முடி வெட்டிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடப்பிறந்த ஒரே தங்கச்சி சொர்ணத்தின் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக அவர் கை நனைக்கவில்லை. தங்கச்சி மாப்பிள்ளை உச்சிமாகாளியின் முகத்தைப் பார்த்தும் அத்தனை வருஷம் ஆகிறது.

நாற்காலி வந்ததற்குக் காரணம் அவர் பெண்டாட்டி பிரம்முவின் முழங்கால். கல்யாணமான நாளிலிருந்து தரையில் சம்மணம் போட்டே சாப்பிட்டுப் பழகியவளுக்கு ஒருநாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போய், சுவரைப் பிடித்து, அம்மியைப் பிடித்து, கடைசியில் புருஷன் தோளைப் பிடித்து எழுந்தபோது, டாக்டர் இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் அரிசி மூட்டையும் பழைய ஃபேனும் கிடந்த எட்டடிக்கு ஏழடி இடத்தைக் காலி செய்து, சாப்பிட ஒரு மேஜை போடுவது என்று முடிவாயிற்று.

பைபாஸ் பக்கம் பாக்கியநாதனின் பழைய சாமான் கடையில், மழைத் தண்ணீர் தேங்கிய மூலையில், ஒரு தேக்கு மேஜையும் நாலு நாற்காலியும் கால்களை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன. நாலாவது நாற்காலிக்கு ஒரு கால் இல்லை, உட்காரும் இடத்தில் பிரம்பும் இல்லை, நடுவே பார்த்தால் தரை தெரிந்தது.

"அதை விட்டுருங்க அண்ணாச்சி, மூணை எடுத்துக்கிடுங்க. நீங்க ரெண்டு பேருதானே" என்றார் பாக்கியநாதன்.

"ஏன், எங்க வீட்டுக்கு நாலாவதா ஒரு ஆளு வராதுன்னு நெனச்சீரா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். அதற்காகவே நாலையும் தூக்கி வண்டியில் ஏற்றினார். பாக்கியநாதன் சொன்னதையும் அவர் மறக்கவில்லை.

மேஜை வாசல் வழியாக நுழையவில்லை. லாரி வீலைக் கழற்றுகிற மாதிரி நாலு காலையும் கழற்றி, ஜன்னல் வழியாகப் பலகையை உள்ளே தள்ளி, உள்ளே வைத்து மறுபடி காலை மாட்டினார். நாற்காலிகளை முற்றத்து வேப்பமர நிழலில் போட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். மேலே இருந்த காப்பிப் பொடி நிறம் போனதும் கீழே பச்சை வந்தது. பச்சை போனதும் நீலம் வந்தது. நீலத்துக்கும் அடியில், எந்தக் கல்யாணத்துக்கோ எந்தப் பொங்கலுக்கோ யாரோ ஆசையாக அடித்த ரோஸ் வர்ணம் வந்தது. ஒவ்வொரு நிறமும் தூளாகி அவர் மீசையில் படிந்து, அவர் ஒரு வாரம் தினம் ஒரு நிறத்து மீசையோடு டீக்கடைக்குப் போய் வந்தார். ரோஸும் போன பிறகு மரம் தெரிந்தது. பூவரச மரம், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல வெறும் உடம்போடு நின்றது. வெடிப்புகளில் பட்டி பூசி, காய விட்டு, திரும்பத் தேய்த்து, துணியை உருட்டி வார்னிஷில் தோய்த்து மூன்று கை பூசினார். இல்லாத காலுக்குத் தன் பழைய லாரியின் பின்பக்கத் தடுப்புப் பலகையில் ஒரு துண்டு எடுத்து இழைத்து, மற்ற மூன்று காலோடு ஒட்ட வைத்தார்.

உட்காரும் இடத்துக்குப் பிரம்பு பின்ன அவருக்குத் தெரியவில்லை. பிரம்மு உள்ளே போய், காலனி முழுக்கக் கூடை பின்னிக் கொடுத்து மிச்சமிருந்த பச்சை, மஞ்சள் ஒயர் கட்டுகளை எடுத்துவந்து, முழங்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, இரண்டு மத்தியானத்தில் அதைப் பின்னி முடித்தாள். முடிச்சை இழுத்து இறுக்கும்போது அவள் வாய் ஏதோ முணுமுணுத்தது; அது பாட்டா ஏச்சா என்று ஆவுடையப்பனுக்குப் பிடிபடவில்லை.

ஆக, அந்த நாற்காலியின் சங்கதிக்குக் காரணம் அவள் பின்னல் என்று காலனியில் பாதிப் பேர் பிறகு சொன்னார்கள். ஊர் ஊராகப் பசியோடு போன லாரிப் பலகைதான் காரணம் என்று மீதிப் பேர் சொன்னார்கள். அந்த நாற்காலி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பாக்கியநாதனிடம் போய்க் கேட்டவர்களுக்கு, "எந்த வீடா இருந்தா என்ன, உக்காரத்தானே செய்யுது" என்று பதில் கிடைத்தது. அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

நாலு நாற்காலியும் போட்ட பிறகு அந்த அறையில் ஒரு பூனை திரும்ப இடமில்லை. நாலாவது சுவர் ஓரத்து மூலையில் இருந்தது. அதனால் கரண்ட் ரீடிங் எடுக்க வந்த ஆள் அதில் உட்கார்ந்து கார்டில் எழுதிவிட்டு எழ முயன்று முடியாமல் போனபோது, மேஜை இடிக்கிறது என்றுதான் ஆவுடையப்பன் நினைத்து மேஜையை இழுத்தார். மேஜை நகர்ந்தது, ஆள் நகரவில்லை. நாற்காலியோடு தூக்கினார்கள், நாற்காலி வந்தது, ஆளும் அதோடு வந்தார், பிரியவில்லை.

"தம்பி, காலையில என்ன சாப்பிட்ட?" என்று பிரம்மு கேட்டாள்.

"டீ" என்றார் அவர்.

"நேத்து ராத்திரி?"

அவர் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். பிரம்மு தட்டு வைத்தாள். சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, திரும்பச் சோறு, மோர். மூன்றாவது தடவை மோர் விட்டதும் அந்த ஆள் பெரிய ஏப்பம் ஒன்று விட்டார், ஒயர் லேசாகக் கிறீச்சிட்டது, அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வெட்கத்தோடு கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனார். அடுத்த வீட்டில் அதைச் சொல்லவும் செய்தார்.

அடுத்த வீடு தங்கபுஷ்பத்தின் வீடு. காலனியில் எந்தக் காரியத்துக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பவள் அவள்தான். மருமகள் வைத்த குழம்பில் உறைப்பில்லை என்று எட்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருந்த தன் மாமனாரை, "வாங்க மாமா, ஆவுடையப்பண்ணாச்சி புதுசா நாற்காலி வாங்கியிருக்காக, வந்து பாருங்க" என்று கூட்டிவந்து மூலையில் உட்கார வைத்து, அதே குழம்பைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். கிழவர் சாயங்காலம் வரை வைதார். பிறகு சாப்பிட்டார். எழுந்து போகும்போது, உறைப்பு அப்படியொன்றும் குறைவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்த காலேஜ் பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தாள். புருஷனோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் இருந்தவள் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டு, புருஷனுக்கு ஆள் அனுப்பினாள். குடிதண்ணீருக்காக உண்ணாவிரதம் இருந்த கவுன்சிலர், ஆதரவு கேட்டு வீடு வீடாக வந்தபோது யாரும் சொல்வதற்குள் அதில் உட்கார்ந்துவிட்டார். வெளியே தொண்டர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருக்க, உள்ளே அவருக்குப் பதினோரு இட்லி தேவைப்பட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பிரம்மு சட்னி அரைத்தாள். அந்தச் செய்தி வெளியே போகாமல் காலனி முழுக்கக் காப்பாற்றியது. அடுத்த வாரம் தண்ணீர் வந்தது.

குடியிருப்போர் சங்கம் கூடி, அடுப்பில் ஏதாவது இருந்தாலொழிய யாரும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்றும், பிரம்மு ஒருத்தி எத்தனை பேருக்குத்தான் பொங்கிப் போடுவாள் என்பதால் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வர வேண்டும் என்றும் முடிவு செய்தது. எட்டடிக்கு ஏழடி அறைக்குக் காலையில் இட்லிப் பானையும் மத்தியானம் சோற்றுச் சட்டியும் வந்துகொண்டே இருந்தன. கொடை விழாவுக்கு நாற்காலியை இரவல் கேட்டு கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். பதினாறு வருஷத்துக்கு முந்திய நோட்டீஸை ஆவுடையப்பன் பெட்டியிலிருந்து எடுத்து அவர்கள் முன்னால் விரித்து வைத்தார். அவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆவுடையப்பன் மட்டும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. தன் கையால் தேய்த்தது, தன் பலகையில் கால் வைத்தது, இருந்தும் துடைக்கும்போதுகூட விரல் நுனியால்தான் துடைத்தார். ஏன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிரம்மு கேட்காமலே தெரிந்து வைத்திருந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் அவளே அதில் மாட்டிக்கொண்டாள். அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தவள் நறுக்கி முடித்து எழப் பார்த்து, எழ முடியாமல், "கேட்டியளா, இங்ஙன வாங்க" என்று கூப்பிட்டாள்.

"நீதான் சாப்பிட்டியே?" என்றார் ஆவுடையப்பன்.

"சாப்பிட்டேன்னுதான் நானும் நெனச்சேன்."

அவர் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டுத் திண்டில் போய்ச் சாய்ந்தார். அவள் சாப்பிட்டாள். எழ முடியவில்லை. இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஆயிற்று. சட்டி காலியாயிற்று. எட்டிப் பார்த்த தங்கபுஷ்பம் வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"அண்ணாச்சி, சோறு காணாதுன்னு இல்ல. மதினி பக்கத்துல நின்னு, கேட்டுக் கேட்டு வைங்க. முப்பத்தாறு வருசமா அவுக எல்லாருக்கும் வச்சிட்டு, சட்டியில என்ன கெடக்கோ அதத்தானே வழிச்சித் தின்னாக."

ஆவுடையப்பன் இரண்டாவது தடவை உலை வைத்தார். அப்பளம் கருகியது. அரிசி ஒரு பக்கம் வெந்தது. அவர் கரண்டியோடு பெண்டாட்டியின் வலப்பக்கம் நின்று, துருப்பிடித்த நட்டைத் திருகுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் திருகி, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வைங்க" என்றாள் பிரம்மு.

"கொழம்பு?"

"ஊத்துங்க."

"அப்பளம் கருகிட்டு."

"பரவாயில்ல, குடுங்க."

இப்படியே அவர் கேட்க, அவள் வாங்க, அவர் கேட்க, அவள் வாங்க, வெயில் ஜன்னலிலிருந்து மேஜைக்கு வந்து, மேஜையிலிருந்து தரைக்கு இறங்கியது. அப்போதுதான் அவள், "போதும், வயிறு நெறஞ்சிட்டு" என்றாள். ஒயர் கிறீச்சிட்டது. சுவரைப் பிடிக்காமல், மேஜையைப் பிடிக்காமல், அவள் எழுந்து நின்றாள். அன்றிலிருந்து அந்த நாற்காலி வயிற்றுப் பசியை மட்டும் பார்ப்பதில்லை என்று காலனிக்குத் தெரிந்தது. ஆவுடையப்பன் அதன் பக்கமே போகாமல், சாப்பாட்டுத் தட்டைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஏனென்றால் அவரிடம் பாதியில் நின்ற ஒரு சாப்பாடு இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சொர்ணத்தின் கல்யாணத்தன்று, ராய்ச்சூரிலிருந்து லோடோடு இடைவிடாமல் ஓட்டி வந்து, மண்டபத்துக் குழாயில் குளித்து, தாலி கட்டும்போது ஓரமாக நின்று கண் கலங்கிவிட்டு, முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடாத வயிற்றோடு பந்தியில் உட்கார்ந்தார். பருப்பும் நெய்யும் ஆயிற்று. சாம்பார் ஆயிற்று. சோற்றில் குழி பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரச வாளி இரண்டு இலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது, மிளகு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அப்போது தோளில் ஒரு கை பட்டது. மாலையும் கழுத்துமாகப் புது மாப்பிள்ளை உச்சிமாகாளி நின்றார்.

"மச்சான், கொஞ்சம் எந்திரிங்க. எங்க முதலாளி நிக்காரு. பொண்ணு வீட்டுக்காரங்கதானே, நீங்க அடுத்த பந்தியில பாத்துக்கிடலாம்."

ஆவுடையப்பன் எழுந்தார். இலையை மடிக்கவில்லை. கையைக்கூட லாரியில் வைத்திருந்த தண்ணீரில்தான் கழுவினார். அன்று வண்டியை எடுத்தவர், தங்கச்சிக்கு மகள் பிறந்தபோது போகவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய அன்று லாரியை வேண்டுமென்றே பெல்லாரிக்குத் திருப்பினார். யாரோ ஒரு தூரத்து உறவு மடியில் அந்தக் குழந்தை அழுதது என்று கேள்விப்பட்டார்.

அந்தக் குழந்தைக்கு, இசைவாணிக்கு, இப்போது கல்யாணம். வருகிற வியாழக்கிழமை. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் அவள் மணமேடை ஏறினால் ஊர் என்ன பேசும் என்பது எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் சொர்ணமும் உச்சிமாகாளியும் வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வருகிறார்கள் என்று தகவல் வந்தது.

தகவலைக் கேட்டதும் ஆவுடையப்பன் முகத்தில் ரொம்ப நாளாக இல்லாத வெளிச்சம் ஒன்று வந்தது. பிரம்முவுக்கு அது பிடிக்கவில்லை.

"அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கக் கூடாது" என்றார்.

"ஏன்?"

"அவரை மூலையில உக்கார வைக்கப் போறேன். பச்சத் தண்ணி குடுக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். மறுநாளும் இருக்கட்டும். எலைக்கு முன்னால காத்துக் கெடக்கறதுன்னா என்னன்னு தெரியட்டும்."

"இதுக்குத்தான் மூணு கை வார்னிசு அடிச்சியளா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவர்கள் வந்தார்கள். உச்சிமாகாளிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆவுடையப்பனுக்கு அது ஏனோ ஒரு ஏமாற்றமாக இருந்தது, திட்டி வைத்திருந்த முகம் இதுவல்ல என்று பட்டது. இருந்தாலும் கையைக் காட்டி மூலை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சொர்ணம் ஒன்றில் உட்கார்ந்தாள், பிரம்மு ஒன்றில், பழமும் வெற்றிலையும் பட்டுத் துணியும் இருந்த தட்டு ஒன்றில். வாசலில் தங்கபுஷ்பமும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்து நின்று காத்திருந்தார்.

உச்சிமாகாளி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சாதாரணமாக எழுந்தார். நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை.

"நீங்க நிக்கிய, நான் உக்காந்திருக்கேன், நல்லா இல்ல மச்சான்" என்றார்.

"எப்படி..." என்று ஆரம்பித்து ஆவுடையப்பன் நிறுத்திக்கொண்டார்.

"காலையில சாப்பிட்டியளா?" என்று தங்கபுஷ்பம் வாசலிலிருந்தே கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல நல்லா சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். மச்சான் வீட்டுல தண்ணி கூடக் கெடைக்காதுன்னு தெரியுமே" என்றார் உச்சிமாகாளி, குற்றமாகச் சொல்லாமல், மழை வரும் என்று குடை எடுத்து வந்தவர் மாதிரி. பிறகு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வெளியே வந்து, நாற்காலியைக் கையால் தட்டி, "வாங்க, நீங்க உக்காருங்க மச்சான்" என்றார்.

எழுந்திரி என்று சொன்ன அதே வாய் உட்காரு என்று சொன்னது. மாட்டேன் என்றால், தன் வீட்டில் தான் சீராக்கிய நாற்காலிக்குத் தானே பயப்படுவதாக ஆகிவிடும். ஆவுடையப்பன் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த கணமே, ஹேண்ட் பிரேக் விழுந்த லாரி மாதிரி உடம்பு நின்றுவிட்டது.

பிரம்மு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அன்று காலனி முழுக்கச் சமைத்தது. இட்லி வந்தது, பொங்கல் வந்தது, கொழுக்கட்டை வந்தது, கவுன்சிலர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. ஆவுடையப்பன் சாப்பிட்டார். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு வைத்தார்கள், சாப்பிட்டார். சொர்ணம் அழுதுகொண்டே உருட்டிக் கொடுத்தாள், அதையும் சாப்பிட்டார். பிரம்மு ரசம் வைத்து ஊற்றினாள், குடித்தார். எழ முடியவில்லை. உள்ளுக்குள் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

"நாற்காலி விடல. கல்யாணத்துக்கு நான் எப்படி வர? நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

"நாற்காலியோட தூக்கி லோடு ஆட்டோவுல வச்சிருவோம்" என்றார் கரண்ட் ரீடிங் ஆள். அவர் இப்போது காலனியில் ஒருவராகிவிட்டிருந்தார். ஆறு பேர் தூக்கிப் பார்த்தார்கள். ஆளோடு சேர்த்து நாற்காலி மேஜைக்கும் சுவருக்கும் நடுவே வரவில்லை. மேஜைக் காலைக் கழற்றலாம் என்றான் ஒருவன். "எவனாவது மேஜையில கை வச்சிய..." என்று ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் அவன் வாசலுக்கே போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமையும் விடிந்தது. உச்சிமாகாளி போகவில்லை. மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தும் உட்காரவில்லை, மச்சான் எதிரில் நின்றபடியே இருந்தார். பதினோரு மணிக்குப் பிரம்மு அடுப்படி வாசலில் வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஊரு சோறெல்லாம் தின்னாச்சு" என்றாள். "உங்களுக்கு என்ன வேணும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வச்ச ரசத்துக்கு அந்தப் பசி அடங்கல. யாரு ஊத்தணுமோ அவுகட்ட வாயத் தொறந்து கேளுங்க. நாளன்னைக்கு அந்தப் பிள்ளை மாமன் இல்லாம மேடையில நிக்கப் போகுது. காது குத்துக்கு வேற ஆளு மடியில அழுத பிள்ளை."

ஆவுடையப்பன் மேஜையைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துத் தான் பளபளப்பாக்கிய பலகையில் தன் முகமே தெரிந்தது; அதற்குப் பின்னால் நரைத்த தலை ஒன்று குனிந்து நின்றது.

"மாப்பிள்ளை" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. "ரச வாளி ரெண்டு எலைக்கு அந்தப் பக்கம் வந்துட்டு."

"எந்த ரசம் மச்சான்?"

"உங்க கல்யாணத்துல. நான் சோத்துல குழி பண்ணி வச்சிருந்தேன். நீங்க வந்து எழுப்பினிய. முதலாளி நிக்காருன்னு."

உச்சிமாகாளி வெகுநேரம் யோசித்தார். முதலில் அவருக்கு ஞாபகமே வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, பிறகு வந்தது என்பதும் தெரிந்தது. பக்கத்திலிருந்த மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு அந்த எலையில உக்காரவே இல்ல மச்சான்" என்றார். "சுகர் இருக்குன்னு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடிச்சிட்டு, நின்ன வாக்குல போயிட்டாரு. எல சும்மாதான் கெடந்துச்சு. உங்களக் கூப்பிட்டு உக்கார வைப்போம்னு வெளிய வந்து தேடுனேன். லாரி போயிட்டு. கோவம் போனா வருவியன்னு நெனச்சேன். என்ன கோவம்னு அப்புறம் எனக்கே மறந்துட்டு. எம்மேல தப்புதான்."

சொர்ணம் மூக்கை உறிஞ்சினாள். ஆவுடையப்பன் இத்தனை வருஷம் தன் இலையில் இன்னொருவன் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டதாகவே நினைத்துத் தினம் ஒரு தடவை அவனை எழுப்பிக்கொண்டிருந்தவர். அங்கே யாரும் இல்லை என்று கேட்டதும், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிமாகாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "மதினி, புளி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனார்.

மிளகையும் சீரகத்தையும் அவரே அம்மியில் தட்டினார். தங்கபுஷ்பம் தோட்டத்திலிருந்து நுனி வாழையிலை நறுக்கி வந்தாள். பிரம்மு இலையைத் துடைத்து, சோறு வைத்து, சாம்பார் விட்டு, சாம்பார்ச் சோறு ஆன பிறகு திரும்பச் சோறு வைத்தாள். ஆவுடையப்பன் அதில் குழி பண்ணினார். எவர்சில்வர் வாளியைத் தூக்கிக்கொண்டு உச்சிமாகாளி அடுப்படியிலிருந்து வந்தார். அடுத்த நாற்காலி தாண்டி, அதற்கடுத்த நாற்காலி தாண்டி, வயிற்றை உள்ளிழுத்துச் சுவரோடு ஒட்டி நடந்து, இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரசம் ஊத்தட்டுமா மச்சான்?"

"ஊத்துங்க மாப்பிள்ளை."

குழி நிறைந்து, கரை உடைந்து, இலை நுனிவரை ஓடியது. அதைக் கையால் அணை கட்டித் திருப்பித் திருப்பிச் சாப்பிட்டார். பிறகு பாயசம். பிறகு மோர். ஒவ்வொன்றுக்கும் உச்சிமாகாளி கேட்டார், ஒவ்வொன்றுக்கும் ஆவுடையப்பன் தலையாட்டினார். கடைசியில் இலையைத் தன் பக்கமாக மடித்தார். ஒயர் கிறீச்சிட்டது. பிரேக் விட்ட மாதிரி உடம்பு லேசாக முன்னால் ஆடியது.

எல்லாருக்கும் அது கேட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. மடித்த இலைக்கு முன்னால் அப்படியே இருந்தார்.

"அண்ணே, எந்திரிங்க, நேரமாகுது, மாலைக்குச் சொல்லணும்" என்று சொர்ணம் அவர் தோளைத் தொடப் போனாள்.

உச்சிமாகாளி அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஏய், விடு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காந்திருக்கட்டும். அவர யாரும் எழுப்பக் கூடாது."

வாசலில் நின்றவர்கள் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். இட்லிப் பானை ஆறியது. பிறகு, யாரும் எழுப்பாமல், ஆவுடையப்பன் தானாக எழுந்தார். மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவே நகர்ந்து, குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"ரசத்துல உப்பு ஒரு கல்லு கம்மி, மாப்பிள்ளை" என்றார். "வியாழக்கிழமை பந்தியில பாத்துக்கிடுங்க."